வெள்ளைத்திட்டின் ஒன்பது இரட்டையர்

வெள்ளைத்திட்டைப் பற்றி உலகம் மதிக்கும் ஓர் அறிவியல் இதழில் பதினான்கு பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர்கள் பதினோரு பேர். பரம்பரை நரம்பு நோய் உள்ள ஒரே கரு இரட்டையர் ஒன்பது ஜோடி இந்த ஒரே ஊரில் இருப்பதாகவும், இது ஆய்வுலகுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றும் அதில் போட்டிருக்கிறது. வெள்ளைத்திட்டில் இரட்டையரே கிடையாது. ஒரு ஜோடிகூடக் கிடையாது. அந்தப் பதினோரு பேரில் ஒருவராவது படகுத்துறை டீக்கடையில் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. ரத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்போது மனுஷனிடம் என்ன கேள்வி என்று இருந்துவிட்டார்கள்.

நான் அமலோற்பவம். இந்தத் திட்டின் துணை சுகாதார நிலையத்தில் ஒன்பது வருடமாக நர்ஸ். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை.

வெள்ளைத்திட்டு தூத்துக்குடிக்குத் தெற்கே, கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கும் மண்மேடு. சுற்றிலும் உப்பளம். ஏழு குடும்பங்கள் வந்து குடியேறி, பெருகி, இன்று ஊராக இருக்கிறது. கரையில் உள்ளவர்கள் இங்கே பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். காரணம் ‘ஆட்டம்’. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் அது தொடங்கும். உப்புக் கூடையோடு வரப்பில் நடக்கிறவன் திடீரென்று ஒருநாள் பாத்திக்குள் சரிவான். அப்புறம் கை நடுங்கும். அப்புறம் நாக்கு குழறும். பத்து வருடத்தில் படுக்கை. நோய் இருக்கிறது என்று வெளியே சம்பந்தம் கிடையாது, வெளியே சம்பந்தம் இல்லை என்பதால் நோய் இன்னும் அதிகம். இப்படியே எட்டுத் தலைமுறை ஓடிவிட்டது.

2041-இல் நான் இங்கே மாற்றலாகி வந்த நான்காவது மாதம், மதுரையிலிருந்து ஒரு மரபணு ஆய்வு நிறுவனம் வந்து இறங்கியது. தலைமை டாக்டர் மகிழ்நன். மெதுவான குரல், நல்ல சிரிப்பு. ஊரில் பதினெட்டு வயது தாண்டிய எல்லாருடைய ரத்தமும் வேண்டும் என்றார்.

“எதுக்கு சார் எல்லாரும்? நோயாளிங்க மட்டும் போதாதா?” என்று கேட்டேன்.

“போதாது சிஸ்டர். பெரிய ஊர்ல ஒரு பழுதான மரபணுவைத் தேடுறது ரொம்பக் கஷ்டம், ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம் இருக்கும். இங்க எல்லாரும் ஒரே ஏழு குடும்பம். வித்தியாசம் கம்மி. அதனால பழுது எங்க இருக்குன்னு சட்டுனு தெரிஞ்சிரும். ஆனா ஒரு பேர் விட்டுப்போனாலும் வரைபடத்துல ஓட்டை விழுந்துரும். ஒரு பேரும் விடக்கூடாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வீடு வீடாகச் சுமந்து போய்ச் சொன்னேன். “ஒரு பேரும் விடக்கூடாது, வந்துருங்க.” என் வாயால் சொன்னேன். அதுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது.

ஏனென்றால் உப்பளத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பழக்கம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. பருவம் தொடங்கும் நாளில் உப்பளத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் பேர் வாசிப்பார்கள். வாசிக்கும்போது ஆள் இல்லாவிட்டால் பாத்தி பறிபோகும். ஆகவே மஸ்கட்டுக்கோ மங்களூருக்கோ வேலைக்குப் போனவனுக்காக, வீட்டில் இருக்கும் அண்ணன் எழுந்து நின்று “இருக்கேன்” என்பான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்தே நடக்கும். நிற்காத அண்ணனைத்தான் ஊர் திட்டும்.

முதல் நாள் நான் ரத்தம் எடுத்தேன். மறுநாள் கரையில் தடுப்பூசி முகாம் என்று போய்விட்டேன், நிறுவனத்து ஆட்களே எடுத்தார்கள். முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் கருவி உப்பு வெளிச்சத்தில் வேலை செய்யவில்லை. பேரை வாசித்தார்கள், எழுந்து வந்தவரிடம் எடுத்தார்கள், தீர்ந்தது.

இரண்டு வருடம் கழித்து வரைபடம் தயாரானது. டாக்டர் மகிழ்நன் என்னை மதுரைக்கு வரவழைத்துப் பெரிய திரையில் காட்டினார். ஆட்டத்துக்குக் காரணமான மரபணு கிடைத்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

“ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்த மரபணு ரெண்டு பிரதி இருக்கும்,” என்றார். “ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. ரெண்டுமே பழுதா இருந்தாத்தான் ஆட்டம் வரும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பழுதை வச்சிருந்தா, நாலு பிள்ளையில ஒண்ணுக்கு வர வாய்ப்பு.”

“மருந்து?”

“இருக்கு. ஒரே ஒரு ஊசி. நடுக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போட்டா வராது. ஆரம்பிச்ச பிறகு போட்டா அந்த இடத்துலயே நின்னுரும். எலிக்கு வேலை செய்யுது. மனுஷங்களுக்கு நிரூபிக்கணும். அதுக்குத்தான் உங்க ஊர் தங்கச் சுரங்கம். ஒன்பது ஜோடி ஒரே கரு இரட்டையர், எல்லாருக்கும் ரெண்டு பிரதியும் பழுது. ஜோடியில ஒருத்தருக்கு ஊசி, இன்னொருத்தரைச் சும்மா பார்த்துட்டு இருப்போம். இதைவிடச் சுத்தமான ஒப்பீடு உலகத்துல எங்கயும் கிடைக்காது.”

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். முதல் ஜோடி லிங்கதுரை, இசக்கிதுரை. லிங்கதுரை குட்டை, மாநிறம், வயது முப்பத்தொன்று. தம்பி இசக்கிதுரையைக் கல்யாணப் போட்டோவில் பார்த்திருக்கிறேன், அண்ணனைவிட ஒரு முழம் உயரம்.

“சார், இவங்க ரெண்டு வயசு வித்தியாசம். முகச்சாடையே வேற.”

“வளர்ப்பு, சாப்பாடு, வெயில்,” என்றார் அவர். “ரேஷன் கார்டுல வயசு எப்பவும் தப்பாத்தான் இருக்கும். அதையும் வீணாக்கலை. கார்டுல யாருக்கு வயசு கம்மியோ அவங்களுக்கு ஊசின்னு முடிவு பண்ணிட்டோம்.”

ஊருக்குத் திரும்பியதும் நேராக உப்பளத்துக்குப் போனேன். லிங்கதுரை பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டேன். அவன் பலகையை வரப்பில் சாத்திவிட்டு, இதிலென்ன ரகசியம் என்பதுபோல் சொன்னான்.

“ஆமா சிஸ்டர், நாந்தான் குடுத்தேன். தம்பி மஸ்கட்டுல கெடக்கான். அவன் பேருக்கு நான் மறுநாளு போயி நின்னேன். ஒரு பேரும் விடப்புடாதுன்னு நீங்கதான சொன்னிய?”

“ரெண்டு தடவையும் உன் ரத்தமா?”

“ஆமா. மத்த வீட்லயும் அப்படித்தான். ஏன், தப்பாயிட்டா?”

இரண்டு குழாயிலும் ஒரே மனிதனின் ரத்தம், ஆய்வகம் அதற்கு இரட்டையர் என்று பேர் வைத்துவிட்டது. ஒன்பது அண்ணன்களுக்கு ஆட்டம் வரப்போவது உறுதி. அவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள். தம்பிகளுக்கு வருமா வராதா என்றே யாருக்கும் தெரியாது. ஊசி அவர்களுக்கு.

மறுவாரமே மதுரைக்கு ஓடினேன். உண்மை தெரிந்தால் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு உடனே திருத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

“தெரியும் சிஸ்டர்.”

“என்ன தெரியும்?”

“நிஜ இரட்டையருக்கும் வயசு ஏற ஏற ரத்தத்துல ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல சின்னச் சின்ன மாற்றம் வரும். இந்த ஜோடிகள்ல ஒரு மாற்றமும் இல்ல. ஒரே ஆள்னு, கட்டுரையை அனுப்பின ரெண்டாவது மாசமே எங்களுக்குப் புரிஞ்சிருச்சு. அதுக்குள்ள கட்டுரை அச்சுக்குப் போயிருச்சு. இரட்டையரை நம்பித்தான் அனுமதியே கிடைச்சுது. இப்ப இல்லைன்னு சொன்னா எல்லாத்தையும் மூடிருவாங்க. மருந்து யாருக்குமே வராது.”

“அப்ப ஊசிய அண்ணனுக்கே போடுங்க. அவனுக்குத்தானே நோய்?”

அவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “அவர் விழணும் சிஸ்டர். அவர் விழுந்தாத்தான் தம்பி விழலைங்கறதுக்கு அர்த்தம். மருந்து நல்ல மருந்து, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நம்பர் சுத்தமா வந்துட்டா ஊருக்கே கிடைக்கும். லிங்கதுரைக்கும் பின்னால போடலாம்.”

“பின்னாலன்னா?”

“ஆறு வருஷம்.”

ஆறு வருடத்தில் லிங்கதுரைக்கு முப்பத்தேழு. கூடையைத் தூக்க மாட்டான், பெண்டாட்டி பேரைச் சரியாகச் சொல்ல மாட்டான். ஒருவன் விழுவதற்காக நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருப்பதற்குப் பேர் அறிவியலா? நான் அந்த அறையில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. “வெளிய சொன்னா வெள்ளைத்திட்டையே திட்டத்துல இருந்து எடுத்துருவாங்க, யோசிச்சுக்கோங்க,” என்று அவர் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

யோசித்தேன். யோசித்து, ஊரிடமே சொல்லிவிட்டேன். சங்கக் கொட்டகையில் ஒன்பது வீட்டாரையும் கூட்டி, வரைபடம், இரட்டையர், ஊசி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். ஊசிக்காகத் தம்பிகளைப் பயணச்சீட்டு அனுப்பி வரவழைத்திருந்தது நிறுவனம். இசக்கிதுரையும் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. முதலில் பேசியது அவன்தான்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எனக்கு இருக்கா இல்லயான்னே தெரியாது. அண்ணனுக்கு இருக்குன்னு தெரியும். எம்பேரச் சொல்லி அவன் போயி ஊசியப் போட்டுட்டு வரட்டும்.”

“கண்டுபிடிச்சிட மாட்டாவளா?” என்றான் லிங்கதுரை.

“எப்படிண்ணே கண்டுபிடிப்பாவ? எம்பேர்ல அங்க இருக்கறது ஒன் ரத்தம். சோதிச்சாலும் நீதான் இசக்கிதுரை. நாந்தான் மாட்டுவேன்.”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரே கரு இரட்டையர் என்று எழுதிவைத்தவர்கள், முகம் மாறியிருக்கிறதே என்றும் வாய் திறக்க முடியாதே.

ஆனால் இசக்கிதுரையின் ரத்தத்தை ஒரு முறையாவது சோதித்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவன் பேரில் வந்த ஒரே வாய்ப்பை அல்லவா விட்டுக்கொடுக்கிறான். நானே எடுத்து, திருநெல்வேலியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மரபணு எங்கே இருக்கிறது என்ற விவரம் நிறுவனத்தின் சொத்தாம், அவர்கள் அனுமதி இல்லாமல் யாரும் பார்க்கக் கூடாதாம். சென்னையிலும் அதே பதில். இந்த ஊர் ரத்தத்திலிருந்து வரைந்த வரைபடம், இந்த ஊர்க்காரன் தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க உதவாது. இதைக் கேட்டு ரத்தம் கொதிக்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஊசி போடும் நாளில் ஒன்பது அண்ணன்களும் தம்பிகள் பேரில் போய்ப் படுத்தார்கள். ஒன்பது தம்பிகளும் அண்ணன்கள் பேரில், பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். வந்திருந்தவர்கள் புது ஆட்கள், யாரையும் தெரியாது. அடையாளத்துக்கு மறுபடி ரத்தம் எடுத்தால் தம்பிகள் மாட்டுவார்களே என்று அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. எடுத்தால் தங்கள் குட்டு உடைந்துவிடும் என்று நிறுவனத்துக்கே பயம். அந்தப் பயம் எங்களைக் காப்பாற்றியது.

அப்புறம் ஆறு வருடம், வருடத்துக்கு ஒரு முறை ஜோடி ஜோடியாக வந்து நடந்து காட்டினார்கள். தரையில் கோடு போட்டு அதன்மேல் நடக்க வேண்டும், விரலால் மூக்கைத் தொட வேண்டும். லிங்கதுரைக்கு முப்பத்து மூன்று ஆனது, முப்பத்தைந்து ஆனது, முப்பத்தேழு ஆனது. இரண்டு கூடையை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் வைத்து வரப்பில் போனான். மற்ற எட்டு அண்ணன்களுக்கும் ஒன்றும் இல்லை. வெள்ளைத்திட்டில் இப்படி நடந்ததே கிடையாது. மருந்து வேலை செய்தது. டாக்டர் மகிழ்நன் அதில் மட்டும் பொய் சொல்லவில்லை.

ஐந்தாம் வருடம் நடந்து காட்ட வந்த இசக்கிதுரை படகிலிருந்து இறங்கும்போது தண்ணீரில் விழுந்தான். வழுக்கிவிட்டது என்றான். அடுத்த வாரம் டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியது. அவனும் நான்கில் ஒருவன். ஒன்பது தம்பிகளில் அவனும் இன்னொருவனுமாக இரண்டு பேர். லிங்கதுரை என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதான்.

“எனக்குப் போட்ட ஊசி அவன் ஊசி சிஸ்டர். அவன் பேர்ல வந்தது. எப்படியாச்சும் அவனுக்கு ஒண்ணு வாங்கித் தாங்க. இந்த அளவுலயே நின்னாக்கூடப் போதும், நாலு வார்த்த பேசிக்கிட்டு இருப்பான்.”

நான் நிறுவனத்துக்குக் கடிதம்மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தபோதே, ஆறாம் வருட முடிவில் அவர்களுடைய அறிவிப்பு வந்தது. சோதனை தோல்வி. ஊசி போட்டவர்களில் யாருக்கும் நோய் வரவில்லை. ஆனால் ஊசி போடாதவர்களிலும் ஒன்பதில் ஏழு பேருக்கு வரவில்லை. ஆகவே குறிப்பிட்ட மரபணு நோய்க்குக் காரணமே அல்ல. வரைபடம் தவறு. திட்டம் மூடப்படுகிறது. மருந்து தயாரிப்பு நிறுத்தப்படுகிறது.

வரைபடம் தவறா! அந்த ஏழு பேர் உடம்பில் நோயே இல்லை ஐயா, அவர்கள் தம்பிகள்! டாக்டருக்கோ நாங்கள் ஆளை மாற்றியது தெரியாது. அவர் கண்ணுக்கு, விழ வேண்டிய ஒன்பது அண்ணன்களில் ஏழு பேர் விழவில்லை. தன் பொய்யைத் தானே நம்பி, கையில் இருந்த உண்மையைக் குப்பையில் போட்டுவிட்டார்.

லிங்கதுரையையும் இசக்கிதுரையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அலுவலகத்தில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மகிழ்நன் இளைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். லிங்கதுரையை நடக்கச் சொன்னார். அவன் கோடு இல்லாமலே நேராக நடந்தான். டாக்டரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

“அப்ப மருந்து வேலை செஞ்சிருக்கு,” என்றார். “வரைபடம் சரி.”

“சரிதான் சார். அதை வெளிய சொல்லுங்க. மருந்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. இவனுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

அந்த மலர்ச்சி அப்படியே வாடியது. “எப்படிச் சொல்ல முடியும் சிஸ்டர்? ஆளை மாத்திட்டாங்கன்னு சொன்னா, இரட்டையர் இல்லையான்னு கேப்பாங்க. இரட்டையர் இல்லைன்னா எனக்கு எப்பத் தெரியும்னு கேப்பாங்க. என் வேலை போயிரும். ஜெயிலுக்கே போகணும்.”

“நாங்களுந்தான் சார்,” என்றான் லிங்கதுரை. “ஆள் மாறாட்டம் செஞ்சது நாங்க. சேந்தே போவோம், வாங்க.”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல. மாதிரிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. நீங்க போங்க,” என்றார். படித்த மனிதர். ஒரு ஊரின் எட்டுத் தலைமுறைச் சாபத்துக்கு மருந்து கண்டுபிடித்தவர். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மருந்தையே தோற்றதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். காறித் துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். இசக்கிதுரையைப் படியில் கைபிடித்து இறக்க வேண்டியிருந்ததால் அதற்கு நேரமில்லாமல் போய்விட்டது.

வழி சொன்னவர் எங்கள் சங்கத்தின் வக்கீல் தவசீலி. நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டால் பத்து வருடம் இழுப்பார்கள், மாதிரியும் அழிந்துபோகும் என்றார். “உங்கமேலயே குத்தம் சொல்லுங்க. ஆள் மாறாட்டம் பண்ணோம்னு நீங்களே போய் எழுதிக் குடுங்க. அப்புறம் அந்த ரத்தமெல்லாம் குத்தத்துக்குச் சாட்சி. ஒரு சொட்டை அழிச்சாலும் அவங்க உள்ள போகணும். யாரு யாருன்னு பார்க்கக் கோர்ட்டே எல்லாருக்கும் சோதனை பண்ணச் சொல்லும். நிறுவனத்தோட அனுமதி வேண்டாம். ஊசி போட்டது நோய் உள்ளவங்களுக்குத்தான்னு அதுலயே தெரிஞ்சிரும், மருந்து ஜெயிச்சதும் தெரிஞ்சிரும்.” தண்டனை என்ன என்று கேட்டோம். மூன்று வருடம் வரை போகலாம் என்றார். கொட்டகையில் யாரும் எழுந்து போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தொன்பது பேர் கரையில் உள்ள காவல் நிலையத்துக்குப் போனோம். ஒன்பது அண்ணன், ஒன்பது தம்பி, நான். தன்மேல் தானே புகார் கொடுக்கும் கூட்டத்தை இன்ஸ்பெக்டர் அதுவரை பார்த்ததில்லை. மூன்று முறை படித்தார். “இதுல கையெழுத்துப் போட்டா திரும்ப வாங்க முடியாது, தெரியும்லா?” என்றார். தெரியும் என்றோம். முதல் குற்றவாளியாக என் பேரை எழுதச் சொன்னேன், எழுதினார். புகாரின் கடைசியில், உண்மை அறிந்தும் மறைத்தவர் என்று டாக்டர் மகிழ்நனின் பேரும் இருக்கிறது. அவர் வந்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மருந்து இந்த மாதமே திரும்பும் என்று தவசீலி அவருக்கு ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக இசக்கிதுரை முறை வந்தது. பேனா கையில் நிற்கவில்லை. கைநாட்டு வைத்தால் போதும் என்றார் இன்ஸ்பெக்டர். அவன் தலையாட்டி மறுத்தான். ஒவ்வோர் எழுத்தாக, கோணல்மாணலாக, தன் முழுப்பேரையும் எழுதினான். ஒன்பது நிமிடம் ஆனது, சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். கை நடுங்காத டாக்டருக்கு இரண்டு நொடி போதும். அவர் இன்னும் போடவில்லை.